கடைசிப் பக்கம் இல்லாத நாவல்

நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பெரம்பலூரில் நடந்த பயிற்சி வகுப்பில் என்னையும் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். முடிந்து வெளியே வந்தபோது உங்களில் ஒரு பெண் என்னை நிறுத்தி, "சார், ஏதாவது கதை புக் குடுங்கன்னு வந்து நிக்கிறாங்க. யாருக்கு எதைக் குடுக்கறதுன்னு எப்படி முடிவு பண்றது?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன். பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு மனிதரைப் பற்றியது. அதை நின்றவாக்கில் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் பணியின் கடைசி ஆண்டுகள் அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் கழிந்தன. ஊர்ப் பெயரை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ரெட்டிபாளையம் பக்கமிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் நூலக வாசலைத் தாண்டித்தான் போகும். காலையில் மேசையைத் துடைத்துவிட்டு நாளிதழ்களைப் பிரித்து வைப்பதற்குள் மறுபடியும் வெள்ளைப் பொடி படிந்துவிடும்.

நான் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு நூலகப் பணிக்கு வந்தவன். நூலகக் கணக்கில் நாவல் என்றால் எல்லாம் ஒரே வகை. நான் அதை எனக்குத் தோன்றியபடி பிரித்து வைத்திருந்தேன். நான் மதித்த நாவல்கள் என் மேசைக்கு எதிரே, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில். சரித்திர நாவல்கள் அதற்கடுத்து. குடும்ப நாவல்கள் ஜன்னலோரம். துப்பறியும் கதைகளும் பேய்க் கதைகளும் பின்னால், கழிவறைக்குப் போகிற வழியில். அப்படி வைக்கச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. எந்த அடுக்கின் முன்னால் ஒருவர் நிற்கிறாரோ அதை வைத்து அவர் இன்ன ரகம் என்று நான் மனதில் எழுதிக்கொள்வேன். அடுத்த தடவை அவர் வரும்போது என் பேச்சு அதற்குத் தகுந்தபடி மாறும்.

செல்வராசு பின்னடுக்குக்காரர். மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும். நூலகத்துக்கு வருமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவார். அப்படியும் அவர் படித்துத் திருப்பிய புத்தகங்களில் பக்க ஓரங்களில் கறுப்புத் தடம் இருக்கும்.

"கொலை புக்கு எதுனா புதுசா வந்துருக்கா சார்?"

"கொலையை வுட்டா வேற எதுவும் படிக்க மாட்டீங்களா செல்வராசு? இந்தப் பக்கம் எத்தனை நல்ல நாவல் இருக்கு பாருங்க."

"நீங்க குடுத்தீங்களே சார் ஒண்ணு, படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கடைசியில என்ன ஆச்சுன்னே தெரியல. அந்தாளு ஆத்தங்கரையில உக்காந்துருக்காரு, முடிஞ்சு போச்சு. இதுல பாருங்க, யாரு செஞ்சான்னு கடைசியில சொல்லிப்புடறான்ல. எனக்கு அது போதும்."

இதை நான் பல இடங்களில் நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசகர் வட்டம் நடத்தினோம். பெரிய கூட்டமெல்லாம் இல்லை. தவறாமல் வருகிறவர்கள் என்று பார்த்தால் மூன்று பேர். ஒருவர் கலா டீச்சர், உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவர், சரித்திர நாவல் பிரியர். அடுத்தவர் ஜமால் பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து எங்கள் ஊரில் துணிக்கடை போட்டிருந்தார். அவருக்குப் பேய்க் கதைகள்தான். மூன்றாவது ஆள் செல்வராசு. நான் தலைமை. படித்த கதையை ஒவ்வொருவரும் எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்ல வேண்டும். முடிவை மட்டும் சொல்லக் கூடாது. மற்றவர்கள் புத்தகத்தை எடுத்துப் படிப்பார்கள் என்பதற்காக நான் வைத்த விதி அது.

கூட்டம் கலகலப்பாகவே இருக்கும்.

"டீச்சர் புக்குல குதிரை வந்துருச்சா?" என்பார் ஜமால் பாய்.

"முதல் பக்கத்துலயே வந்துருச்சு. உங்க புக்குல செத்தவங்க எந்திரிச்சாச்சா?"

"எந்திரிக்காம எப்படி? சும்மா எந்திரிக்கலம்மா, நியாயம் கேட்டு எந்திரிக்கிறாங்க. உசுரோட இருக்கிறவன் எவன் கேக்கறான் இப்பல்லாம்."

இவர்கள் பேசுவதை நான் கொஞ்சம் உயரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசியில் எழுந்து, யதார்த்தம் என்றால் என்ன, ஒரு பாத்திரம் எப்போது நம்பும்படி இருக்கிறது என்றெல்லாம் பேசி முடித்துவைப்பேன். மூன்று பேரும் மரியாதையாகக் கேட்பார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மாதம் செல்வராசு புத்தகம் எதுவும் எடுத்து வராமல் கதை சொன்னார். அவர் அன்று சொன்னது அவர் கண்ணால் பார்த்தது. எனக்கு அது தெரியாது. நீங்களும் என்னைப்போல ஏமாற வேண்டாம். நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மத்தியானம், அவர் கடைக்கு எதிரே, கல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்று மொபெட்டில் போன பெரியவர் ஒருவர் மேல் ஏறிவிட்டது. ஓட்டியது லாரி முதலாளியின் மகன். லைசென்ஸ் இல்லாதவன். டிரைவர் கொளஞ்சி இரவெல்லாம் ஓட்டிய அசதியில் பக்கத்துச் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். பையன் குதித்து இறங்கி, சாலையோரக் கருவக்காட்டுக்குள் ஓடிவிட்டான். கொளஞ்சி இறங்கி, அடிபட்டவரின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கூட்டம் சேர்ந்தபோது லாரிப் பக்கம் இருந்தது அவர் ஒருவர்தான். அவரை அடித்தார்கள். பெரியவர் இறந்துபோனார். அன்று வண்டியை ஓட்டியது கொளஞ்சி என்று முதலாளி சொன்னார். நான் ஓட்டவில்லை என்று கொளஞ்சி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பையன் ஓடியதைப் பார்த்த ஒரே ஆள் செல்வராசு. அவர் கடை இருந்த இடம் அந்த முதலாளியுடையது. கடைக்கு வரும் வண்டிகளிலும் பாதிக்கு மேல் அவருடையவை. போலீஸ் கேட்டபோது, சத்தம் கேட்டு வெளியே வந்தேன், அதற்குள் கூட்டம் கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார். பிறகு வழக்கு அரியலூர் கோர்ட்டில் நடந்தது. ஓட்டியது தான் இல்லை என்று சொல்லக் கொளஞ்சிக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அவருடைய வக்கீலின் ஆள் பஞ்சர் கடைக்கு வந்து கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று செல்வராசு அனுப்பிவைத்தார். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம்.

லாரி விபத்து எங்கள் பக்கம் அடிக்கடி நடப்பதுதான். நாளிதழில் ஒரு பத்தியாக வரும், படித்துவிட்டு மடித்து வைப்போம். இந்த விபத்தையும் நான் படித்திருப்பேன். நினைவில் இல்லை.

"பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல பழைய புக்கு கடையில வாங்கினேன் சார்" என்று ஆரம்பித்தார் செல்வராசு. "அட்டை கிடையாது. முன்னாடி பத்து பக்கத்தக் காணும். பேரு தெரியல, எழுதுனது யாருன்னும் தெரியல."

"எங்க, எடுத்துட்டு வரலையா?" என்றார் கலா டீச்சர்.

"கடையில கெடக்கு டீச்சர். கிரீஸு பட்டுருச்சு."

கதையைச் சொன்னார். ஊட்டிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட். எஸ்டேட் முதலாளியின் மகன் ஜீப்பை ஓட்டிப் போய் ஒருவரை ஏற்றிக் கொன்றுவிடுகிறான். பழி டிரைவர் மேல் விழுகிறது. எதிரே சலூன் வைத்திருப்பவன் பார்த்துவிடுகிறான். சலூன் இருக்கும் இடம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

"சலூன் எந்த எடத்துல இருக்கு? ஜீப்பு வர்றது அங்கேர்ந்து தெரியுமா?" என்று கேட்டார் டீச்சர். கணக்கு டீச்சர் அல்லவா.

"ரோட்டுக்கு நேர் எதுத்தாப்புல இருக்குன்னு வச்சுக்குங்களேன்."

அந்த ஒரு வார்த்தையில் நான் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறவர் 'இருக்குன்னு வச்சுக்குங்களேன்' என்று சொல்ல மாட்டார். 'இருக்குதாம்' என்பார், 'இருக்குன்னு போட்டுருக்கான்' என்பார். ஒன்றை மறைத்து அதன் இடத்தில் இன்னொன்றைக் கட்டுகிறவர்தான் அப்படிச் சொல்வார். வாழ்நாள் முழுவதும் கதை கேட்டவன், சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பொருள் பார்க்கப் பழகியவன், நான் அதைக் கவனிக்கவில்லை. கொலைக் கதைதானே என்று பாதிக் காதில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"முடிவைச் சொல்லாதீங்க, அதான் விதி" என்றார் ஜமால் பாய்.

"முடிவு இல்ல பாய். பின்னாடியும் கிழிஞ்சு போச்சு. அந்த சலூன்காரன் கோர்ட்டுக்குப் போயி சொன்னானா, சொல்லலையான்னு தெரியல. மண்டையைக் கொடையுது. நீங்கள்லாம் நெறையப் படிக்கிறவங்க. என்ன ஆயிருக்கும்? சொல்லுங்க."

ஜமால் பாய் முதலில் சொன்னார். "சொல்லிருப்பான்யா. சொல்லணும். மேல ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கான்ல. இவன் சொல்லலன்னா என் புக்குல செத்தவனே வந்து சலூன்ல உக்காந்துருவான், சேவிங் பண்ணுடான்னு."

எல்லோரும் சிரித்தோம். செல்வராசுவும் சிரித்தார்.

"என் புக்கா இருந்தா ராஜா மாறுவேஷத்துல வந்து முடி வெட்டிக்குவாரு. பேச்சுவாக்குல விஷயத்தை வாங்கிட்டுப் போயிடுவாரு" என்றார் டீச்சர். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாவம், ரெண்டு பொண்ணுங்கன்னு சொல்றீங்க. கஷ்டந்தான்" என்றார்.

செல்வராசு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார்."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அதை அழகாக்கவோ குறைக்கவோ எனக்கு உரிமையில்லை.

"அது எந்த மாதிரி நாவல்ங்கறதைப் பொறுத்து இருக்கு செல்வராசு. மாத நாவலா இருந்தா கடைசி அத்தியாயத்துல கோர்ட்டுக்குள்ள ஓடி வந்து, நான் பாத்தேன்னு கத்துவான். எல்லாரும் கை தட்டுவாங்க. நல்ல நாவலா இருந்தா சொல்ல மாட்டான். கடையைத் தொறப்பான், முடி வெட்டுவான், சாயங்காலம் மூடிட்டு வூட்டுக்குப் போவான். அதான் யதார்த்தம். எடம் அவங்களுது, பொழப்பு அவங்களால, ரெண்டு பொண்ணு. அப்படிப்பட்டவன் போயி சாட்சி சொன்னான்னா நம்புற மாதிரியா இருக்கும்? எழுதுறவன் நம்மள ஏமாத்துறான்னு அர்த்தம்."

"அப்ப சொல்ல மாட்டாங்கிறீங்க."

"மாட்டான்."

"அது தப்பில்லையா சார்?"

"தப்பு, சரி பாக்கறது நாவலோட வேலை இல்ல. மனுசன் எப்படி இருக்கானோ அப்படிக் காட்டணும். அவ்வளவுதான்."

"சரிங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் நான் யதார்த்தவாதம் பற்றிப் பேசினேன். அன்று நன்றாகப் பேசினேன் என்று டீச்சர் பாராட்டினார். செல்வராசு நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. வேலை இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் அவ்வளவுகூட நினைக்கவில்லை.

ஒருநாள் நூலகம் காலியாக இருந்த உச்சிவேளையில் வந்தார். கையில் எடுத்துப்போன புத்தகமும் உறுப்பினர் அட்டையும் இருந்தன. இரண்டையும் மேசையில் வைத்தார்.

"கார்டை முடிச்சுக்கலாம்னு சார்."

"ஏன், ஊரை வுட்டுப் போறீங்களா?"

"இல்ல. படிக்கப் புடிக்கல."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். "கொளஞ்சிக்குத் தீர்ப்பாயிருச்சு சார். உள்ள போட்டுட்டாங்க."

"எந்தக் கொளஞ்சி?"

"டிரைவரு சார். ஜீப்பு இல்ல, லாரி. நான்தான் ஜீப்புன்னு சொன்னேன்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது, கூட்டத்தில் சிரித்த சிரிப்பு முதலில் ஞாபகம் வந்தது. அவரும் கூடச் சிரித்தது ஞாபகம் வந்தது.

"சலூன் இல்ல, பஞ்சர் கடை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனென்று தெரியவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"என்கிட்ட நேரா கேட்டுருக்கலாமே செல்வராசு."

"எப்படி சார் கேக்கறது? கேட்டா, நீயா பாத்தன்னு கேப்பீங்க. பாத்தேன்னு உங்ககிட்ட சொல்லிட்டா அப்புறம் கோர்ட்டுல சொல்லாம இருக்க முடியாதுல்ல. அதான் கதையா சொல்லிப் பாத்தேன். பாய் சொல்லுன்னாரு. அவரு எப்பவும் அப்படித்தான் சொல்லுவாருன்னு வச்சுட்டேன். நீங்க படிச்சவங்க. சொன்னா நம்புற மாதிரி இருக்காதுன்னீங்க. சரிதான், நம்ப மாட்டாங்க போலருக்கு, நாமதான் கொலைப் புக்கு படிச்சுட்டு என்னென்னமோ நெனைக்கிறோம்னு தோணிப்போச்சு."

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கணக்குச் சொல்கிறவர்போலச் சொன்னார். பிறகு கேட்டார்: "மேல் கோர்ட்டுக்குப் போறாங்களாம். இப்ப போயி சொன்னா எடுத்துக்குவாங்களா சார்?"

புதியவர்களே, நம் வேலையில் தீ பிடிப்பதில்லை, வெள்ளம் வருவதில்லை. நெருக்கடி என்று எனக்கு வந்தது இந்த ஒரு கேள்விதான். முதல் தடவை எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை எல்லாம் தெரிந்தது. வாங்க, நானும் வருகிறேன், அந்த வக்கீலைப் பார்ப்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். நூலகத்தைப் பூட்டிவிட்டு அவருடன் டவுன் பஸ் ஏறியிருந்தால் அரியலூர் கோர்ட்டு வாசலில் இறங்கியிருப்போம்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி நின்றது. அதன் நெற்றியில் அந்த லாரி முதலாளியின் பெயர் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. நூலகத்துக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. ஓய்வுபெற எனக்கு அதிக நாள் இல்லை. வம்பு எதுவும் இல்லாமல் ஓய்வுபெற்றுவிட வேண்டும் என்றிருந்தேன். நான் மதித்த நாவல்களெல்லாம் அந்த அலமாரியில்தான் இருந்தன.

"எனக்குச் சட்டம் தெரியாது. யாராவது வக்கீலைக் கேட்டுப் பாருங்க" என்றேன்.

"சரிங்க சார்."

கூட்டத்தில் சொன்ன அதே சொல். அட்டையை முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினேன். கொஞ்ச நாளில் பஞ்சர் கடை மூடிக் கிடந்தது. மாமனார் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அவர் திருப்பிக்கொடுத்த புத்தகத்தை அடுக்கில் வைக்கப் போனவன், அங்கேயே நின்று பிரித்துப் படித்தேன். துப்பறியும் கதைகளை நான் அதுவரை முழுதாகப் படித்ததே இல்லை. படிக்காமலே அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஓய்வுபெறும் வரை, பின்னடுக்கில் செல்வராசு எடுத்த புத்தகங்களாகத் தேடிப் படித்தேன். கறுப்புத் தடம் இருக்கும் புத்தகங்கள். பலவற்றில் மொழி சுமார்தான். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு ஆள் வருகிறார். வாட்ச்மேன், இஸ்திரி போடுகிறவர், பூ விற்கும் பெண். பெயர்கூடச் சரியாக இருக்காது. அவர் எதையோ பார்த்திருப்பார். பயந்துகொண்டு இருப்பார். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் வந்து, பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதை வைத்துத் துப்பறிகிறவன் பேர் வாங்கிக்கொள்வான். கதாநாயகனைப் பின்தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இந்த ஆள் கண்ணில் படுவதில்லை. செல்வராசு அந்த ஆளைத்தான் தேடித் தேடிப் படித்திருக்கிறார். அப்படி ஒருவராகத் தன்னால் இருக்க முடியுமா என்று பார்த்திருக்கிறார். நான் நடுவில் புகுந்து, அது மலிவான எழுத்து என்று சொல்லிவிட்டேன்.

பேய்க் கதைகளையும் படித்தேன். ஜமால் பாய் சொன்னதும் சரிதான். அங்கே செத்தவர்கள் நியாயம் கேட்டுத்தான் எழுந்து வருகிறார்கள். ஒவ்வொரு வகைக் கதையும் மனிதனுக்குத் தேவையான ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. நான் அவற்றுக்கு மார்க்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் மதித்த நாவல்கள் இன்றும் எனக்குப் பெரியவைதான். அவை மனிதன் எப்படித் தோற்கிறான் என்று காட்டுகின்றன. நீயும் தோற்றுப்போ என்று அவை யாருக்கும் சொன்னதில்லை. அதைச் சொன்னவன் நான்.

இதை ஜமால் பாயிடம் ஒருநாள் சொன்னேன். "வுடுங்க சார். நீங்க சொல்லலன்னாலும் அவன் போயிருக்க மாட்டான். பொண்டாட்டி புள்ளைக்காரன்" என்று ஆறுதல் சொன்னார். இருக்கலாம். அதுவும் என்னுடைய பழைய வாதம்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். யாருக்கு எதைக் கொடுப்பது? அவர் கேட்பதைக் கொடுங்கள். திருப்பிக் கொண்டுவரும்போது நேரம் இருந்தால், அதில் யாரைப் பிடித்தது என்று கேளுங்கள். பதிலைத் திருத்தாதீர்கள். யாராவது ஒரு கதையைச் சொல்லி, முடிவு என்ன என்று உங்களிடம் கேட்டால், உங்கள் முடிவைச் சொல்வதற்கு முன்னால், நீங்க எப்படி முடியணும்னு நினைக்கிறீங்க என்று கேட்டுவிடுங்கள். அன்று நான் அதைக் கேட்டிருந்தால் செல்வராசு பதில் சொல்லியிருப்பார். அவரிடம் பதில் இருந்தது.

ஓய்வுபெற்ற பிறகு கொளஞ்சியைத் தேடிப் போனேன். மேல்முறையீட்டிலும் அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. தண்டனை முடிந்து செட்டிகுளம் பக்கம் தன் ஊருக்கு வந்து, வெங்காயக் காட்டில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். லைசென்ஸ் போய்விட்டது. நான் போன அன்று வீட்டு வாசலில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி, கணவனும் மனைவியுமாகத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் வேலை பார்த்தவன் என்று சொன்னேன். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. நாற்காலி போட்டார்கள். கூட்டத்தில் நடந்தது, செல்வராசு கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை அரிவாள்மனையில் அவர் கை ஓடிக்கொண்டே இருந்தது.

"அவரு பாத்தாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார். "என்னையப் போட்டு அடிக்கிறாங்க, அவரு கையில டயரைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டோம்."

"வக்கீல் அவரைச் சம்மன் அனுப்பிக் கூப்பிட்டிருக்கலாமே?"

"வக்கீலு வேணான்னுட்டாரு. இழுத்துட்டு வந்தா மாத்திச் சொல்லிப்புடுவான், இன்னும் கெட்டுப்போயிரும்னாரு. நான்தான் சொன்னேன், இழுக்க வேணாம், அவரு தானா வருவாருன்னு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கதவுப் பக்கந்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். ஜட்ஜய்யாகூட ஒருவாட்டி கேட்டாரு, அங்க என்னய்யா பாக்கறன்னு."

அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். நான் ஏதோ மன்னிப்பு மாதிரி சொல்ல வாயெடுத்தேன்.

"என்னமோ சொன்னீங்களே, அவரு வந்து சொன்னா எப்படி இருக்கும்னீங்க?" என்று கேட்டார் கொளஞ்சி.

"நம்புற மாதிரி இருக்காதுன்னு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அப்படி ஒரு விஷயத்தைப் படித்தவர்கள் உட்கார்ந்து பேசுவார்களா என்று யோசிப்பதுபோல இருந்தது.

"தீர்ப்பு படிக்கிற வரைக்கும் நான் நம்பிக்கிட்டுத்தான சார் நின்னேன்" என்றார்.

 அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். உள்ளேயிருந்து டீ வந்தது.

"குடிங்க சார்" என்றார் அவர் மனைவி. "ஆறிப்போவுது."